புறவாசலில் கேமராவோடு உட்காருகிறவர்கள் செய்யக்கூடாதவை

பறவைகளைப் படமெடுக்கக் கேமரா வாங்கிய கையோடு பலரும் செய்கிற முதல் காரியம் புறவாசலைப் பெருக்குவதுதான். சருகை அள்ளி எரித்து, முருங்கைக் கொப்பை வெட்டி, வாழைக்கு அடியில் கிடக்கும் சகதியை மண் போட்டு மூடிவிட்டு, ‘படத்துல பின்னால நல்லா தெரியணும்லா’ என்பார்கள். பின்னால் நன்றாகத்தான் தெரியும். முன்னால் வந்து நிற்கத்தான் ஒன்றும் இருக்காது.

ஐப்பசியில் மழை பிடித்த பிறகு பாளையங்கோட்டையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ ஒரு பழைய வீட்டுப் புறவாசலைக் கவனித்துப் பாருங்கள். விடியும் நேரத்திலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் இரண்டு துண்டாக ஒரு விசில் கேட்கும். ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை இது. இரவில்தான் பயணம். களைத்துப் போய் வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடப்பதும் உண்டு. பச்சை முதுகு, மஞ்சள் பழுப்பு வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு என்று இத்தனை நிறம் இருந்தும் தரையில் நின்றால் கண்ணுக்குச் சிக்காது. அலகால் ஒரு சருகைப் பிடித்துப் புரட்டி ஓரமாக எறியும். தலையைச் சாய்த்துப் பார்க்கும். இரண்டு தத்து தத்தி நிற்கும். குட்டை வால் மெதுவாக மேலும் கீழும் ஆடும். பிறகு அடுத்த சருகு. அதற்கு வேண்டிய புழுவும் வண்டும் ஈரச் சருகுக்கு அடியில்தான் இருக்கின்றன. சருகை எரித்தவர் வீட்டுக்கு அது ஏன் வரப்போகிறது?

சருகு கிடந்தால் பாம்பு வரும் என்று வீட்டில் சொல்வார்கள். நியாயமான பயம்தான். அதற்குச் சருகு மூலையை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காமல் காம்பவுண்டு ஓரமாகத் தள்ளி வைத்தால் போதும். உண்மையில் பாம்புக்கு வசதியான இடம் அடுக்கி வைத்த செங்கல், உடைந்த ஓடு, விறகுக் குவியல். அவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள்.

அடுத்த தவறு, வருடம் முழுக்க ஒரே மாதிரி உட்காருவது. நம் திருநெல்வேலிப் பக்கம் ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் என்றால் சமவெளியில் வெறும் காற்றுதான். கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் பணகுடி, வள்ளியூர் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் செம்பருத்திப் பூவில் தேன்சிட்டைப் படமெடுக்கப் போனால் பூ ஒரு பக்கம், குருவி ஒரு பக்கம் ஆடும். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் படம் கலங்கும். வெட்டவெளியில் நின்று லென்ஸ் மாற்றுவது அதைவிட மோசம். செம்மண் தூசு நேரே சென்சாரில் போய் உட்காரும். அறைக்குள் போய் மாற்றுங்கள். இல்லையென்றால் காற்றுக் காலம் முடியும்வரை ஒரே லென்ஸோடு இருந்துவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை வெளிச்சம். வானம் மூடிக் கிடக்கும்போது ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை வாங்குகிற திறனை, ஏற்றப் பயந்து, படம் புள்ளி புள்ளியாக வரும் என்று நூறிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. புள்ளி விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆறுமணிக்குருவி போல நின்று நின்று போகிற பறவைக்கு ஐஎஸ்ஓ 3200 வைத்து, நொடியில் 125இல் ஒரு பங்கு வேகத்தில், அது நிற்கிற கணத்தில் எடுத்தால் தேறும். பழைய துணிப்பையில் மணலை நிரப்பி வாசற்படியில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். புறவாசல் வேலைக்குக் கேமரா முக்காலியைவிட இது நல்லது. படியில் உட்கார்ந்தால் பறவையின் கண் மட்டத்துக்கும் வந்துவிடலாம். நின்றுகொண்டு மேலிருந்து எடுக்கும் படத்தில் முதுகும் தரையும்தான் இருக்கும்.

மார்கழி, தை காலைதான் நல்ல வெளிச்சம். அந்த நேரத்தைப் போர்வைக்குள் கழித்துவிட்டுப் பத்து மணிக்குக் கேமராவோடு வருகிறவரிடம் என்ன சொல்ல? பதினொரு மணி வெயிலில் கொக்கு வெள்ளைத் தாளாகவும் காக்கை கரிக்கட்டியாகவும்தான் விழும். வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, ஒரு படி குறைத்தும், கறுப்பு என்றால் கூட்டியும் வைக்க வேண்டும் என்பதைக் காக்கையிடமே பழகிக்கொள்ளலாம். அது காசு கேட்காது, ஓடியும் போகாது.

இந்தக் காலத்தில்தான் சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக வரும். இளஞ்சிவப்பு உடம்பும் கறுப்புத் தலையுமாக மைனா சாயலில் இருக்கும். மத்திய ஆசியப் பக்கமிருந்து வந்து பங்குனி வரைகூடத் தங்கும். சாயங்காலம் அடையப் போகும் முன் அவை வானத்தில் சுழல்வதைப் பெரிய லென்ஸில் இழுத்து எடுத்தால் சில கரும்புள்ளிகள்தான் கிடைக்கும். அதற்குக் கைபேசியே போதும். கீழே பனைமரமும் தெரிகிற மாதிரி அகலமாக எடுங்கள். மற்றபடி கைபேசியில் விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்குவது வீண். பிறகு வெட்டிக்கொள்வதும் அதுவும் ஒன்றுதான்.

அப்புறம், ஜன்னல். அடுக்களை ஜன்னலுக்குள்ளிருந்து எடுப்பது நல்ல யோசனை, மறைந்து உட்காரத் தனி இடம் தேட வேண்டாம். ஆனால் கொசுவலை வழியாக எடுத்தால் ஃபோகஸ் வலையிலேயே நிற்கும். வலையைத் திறந்துவிட்டுக் கம்பிக்கு இடையே லென்ஸை ஒட்டி வையுங்கள். எதிரே கொடியில் தொங்கும் பெட்ஷீட்டையும் நீலப் பிளாஸ்டிக் குடத்தையும் முந்தின நாள் இரவே எடுத்துவிட வேண்டும். பறவை வந்து உட்கார்ந்த பிறகு ஓடிப்போய் எடுப்பதில் பலன் இல்லை.

இதெல்லாம் படத்துக்கு வருகிற கேடு. உயிருக்குக் கேடு வருவது கூட்டில்தான். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் கூட்டை நிறையப் பேர் கூடு என்றே அறிவதில்லை. துணி காயப்போடுகிற கொடியிலோ, கேபிள் வயரிலோ, எலுமிச்சைக் கொப்பு நுனியிலோ தொங்கும். சிலந்தி நூலால் நாரையும் பஞ்சையும் பிணைத்து, மேலே மரப்பட்டைச் சில்லும் புழு எச்சமும் ஒட்டி, பார்க்கக் குப்பை மாட்டிக்கொண்டது மாதிரியே இருக்கும். பக்கவாட்டில் ஒரு துவாரம், அதன்மேல் மழை தெறிக்காமல் சின்னத் தாழ்வாரம். ஒட்டடைக்கம்பு எடுத்தவர் கண்ணில் பட்டால் அத்தோடு போயிற்று. கொடியில் இந்தப் பறவை அடிக்கடி வந்து போனால், தொங்குவது என்னவென்று பார்த்துவிட்டு ஒட்டடை அடியுங்கள். தையல்சிட்டுக்கு இந்த ஆபத்து குறைவு. பெரிய இலையின் இரண்டு விளிம்பையும் அலகால் துளைத்து நாரால் கோத்துவிடுவதால் கூடு இலைக்குள்ளேயே மறைந்திருக்கும். அதற்கு எமன் படமெடுக்கிறவர்தான்.

கூட்டை மறைக்கிற ஓர் இலை படத்தில் குறுக்கே வருகிறது என்று அதைக் கிள்ளுவார்கள், அல்லது கொப்பைக் கயிறு போட்டு ஒதுக்கிக் கட்டுவார்கள். அந்த இலைதான் குஞ்சுக்கு வெயிலிலிருந்து நிழல். காக்கை, செம்போத்து கண்ணில் படாமல் கூட்டை மறைப்பதும் அதுதான். செம்போத்து புதருக்குள் நடந்து நடந்து கூடு தேடித் தின்கிற பறவை என்பதை மறக்க வேண்டாம். நாம் அடிக்கடி போய் நிற்கிற இடத்தைக் காக்கையும் கவனிக்கும். எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று கேட்டால், மீட்டரில் சொல்வதைவிடத் தாய்ப்பறவையைப் பாருங்கள் என்பேன். வாயில் புழுவோடு வந்து பக்கத்துக் கொப்பில் உட்கார்ந்துகொண்டு உள்ளே போகாமல் கத்துகிறதா? நாம் நிற்பது கிட்டே. எழுந்து வந்துவிட வேண்டியதுதான். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் கூடாது. தன் இடத்துக்கு வேறோர் ஆண் வந்துவிட்டது என்று அது தீனி தேடுவதை விட்டுவிட்டு அலையும்.

முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறந்து போகத் தேன்சிட்டுக்குச் சுமார் ஒரு மாதம். கூந்தன்குளத்தில் நாரைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறது. திருப்புடைமருதூரில் கோவில் தோட்டத்து மரங்களில் அடைகிற பறவைகளை ஊரார் விடாமல் காத்ததால், 2005இல் அரசு அதைப் பறவைகள் காப்பிடமாகவே அறிவித்தது. ஒரு மாதம் துணியை வேறு கொடியில் காயப்போடுவது பெரிய விஷயமில்லை.

தரையில் கிடக்கும் குஞ்சைப் பார்த்ததும் அட்டைப்பெட்டியில் வைத்துப் பாலும் சோறும் ஊட்டுவது இன்னொரு தவறு. இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையை மட்டும் விரட்டிவிட்டு விலகுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல.

சித்திரை வெயிலில் தண்ணீர் வைப்பதைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள், ஆழத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வழவழப்பான ஸ்டீல் பாத்திரத்தில் நிறைய ஊற்றி வைத்தால் சிட்டுக்குருவிக்குக் கால் ஊன்ற இடமில்லை. அகலமான மண்சட்டி, இரண்டு விரற்கடைத் தண்ணீர், நடுவே ஒரு கல், நிழல். இரண்டு நாளுக்கொரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால் கொசு முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது பறக்கும் கொசுவாகிவிடும், டெங்குக் கொசுவும் அப்படித்தான். தீனி என்றால் கம்பு, தினை, நொய் போதும். மிக்சரும் முறுக்கும் வேண்டாம். நொய்யையும் அளவோடு போடுங்கள், இராத்திரி மிஞ்சினால் எலி வரும். எலிக்கு விஷம் வைத்தால், அதைத் தின்று தள்ளாடும் எலியைப் புள்ளி ஆந்தை பிடிக்கும், அதுவும் சாகும். பசை அட்டையில் எலியோடு அரணையும் பல்லியும் ஒட்டிக்கொண்டு சாகின்றன.

ஆந்தை என்றதும் இன்னொன்று. பொந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் புள்ளி ஆந்தையின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். இருட்டுக்கு ஏற்ற அந்தக் கண்ணுக்கு அது கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாமல் செய்துவிடும். தெருவிளக்கு வெளிச்சமோ, மசங்கலில் மிஞ்சிய வெளிச்சமோ போதும். எந்தத் தெரு, எந்த மரம் என்று படத்தோடு எழுதுவதும் வேண்டாம். அபசகுனம் என்று கல்லெறிகிறவர்களும், மாந்திரீகத்துக்கு என்று பிடித்து விற்கிறவர்களும் அதைப் படிப்பார்கள்.

பாம்பு விஷயத்தில் கேமராவைக் கீழே வைப்பதே முதல் பாடம். நல்ல பாம்பு படம் எடுத்து நிற்பது நமக்குப் போஸ் கொடுக்க அல்ல, ‘கிட்ட வராதே’ என்று சொல்கிறது. வீட்டுக்குள் புகுந்துவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108இல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பை அடையாளம் காட்டப் படமெடுக்கிறேன் என்று அதன் பின்னால் போகவும் வேண்டாம்.

இரண்டு பாம்புகள் பின்னி எழுந்து நிற்பதைத் தள்ளி நின்று எடுத்துவிட்டு ‘சாரையும் நல்லதும் பிணையுது’ என்று போடுவதும் பழகிப்போன தவறு. சாரை தனி இனம், நல்ல பாம்போடு அது சேராது. அப்படிப் பின்னி நிற்பவை பெரும்பாலும் சண்டை போடும் இரண்டு ஆண் சாரைகள். இதே போல இன்னும் சில. ஆண் ஊதாத் தேன்சிட்டு இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பளபளப்பை இழந்து, பெட்டை மாதிரி மங்கி, தொண்டையிலிருந்து நெஞ்சு வரை ஒரு கருங்கோடோடு திரியும். புது இனம் வந்துவிட்டதாகப் பதறுவார்கள். உடம்பெல்லாம் புள்ளியும் வரியுமாக வேம்பில் உட்கார்ந்திருப்பது பெட்டைக் குயில், பருந்தல்ல. புரட்டாசி, ஐப்பசியில் தோகையில்லாமல் வரும் ஆண் மயிலுக்கு நோய் எதுவுமில்லை. உதிர்ந்த தோகை மறுபடி முளைக்கும்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு வேறு கணக்கு. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், சிவந்திபுரம் பக்கம் புறவாசலுக்கு வருவது அணிலும் மரநாயும் மட்டுமல்ல. களக்காடு முண்டந்துறைக் காடு தொட்டுக்கொண்டிருப்பதால் கரடியும் சிறுத்தையும் காட்டுப்பன்றியும் இறங்கும். இராத்திரி நாய் விடாமல் குரைத்தால் டார்ச்சையும் கைபேசியையும் தூக்கிக்கொண்டு கதவைத் திறக்காதீர்கள். குட்டியோடு வந்த கரடி விலகிப் போகும் என்று நம்ப முடியாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு உள்ளேயே இருங்கள். பலாச்சுளை மிச்சத்தையும் எச்சில் இலையையும் வெளியே போட்டு வைப்பது அவற்றை அழைப்பதுதான். குரங்குக்குப் பழம் கொடுத்துப் படமெடுக்கிறவர், அடுத்த வாரம் அது பக்கத்து வீட்டு ஆச்சி கையிலிருந்து பையைப் பிடுங்கும்போது அங்கே இருப்பதில்லை.

கடைசியாக, படம் கிடைத்ததை மட்டும் குறித்து வைப்பது. ஆறுமணிக்குருவிக்கு நாள் குறிப்பவர்கள் தவிட்டுக்குருவியை எழுதுவதில்லை. எது எந்த மாதம் முதலில் வந்தது, எது இந்த வருடம் வரவில்லை என்பதற்குப் படம் தேவையே இல்லை, தேதியும் எண்ணிக்கையும் போதும். ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலக அளவிலான புறவாசல் பறவைக் கணக்கெடுப்பு. இரண்டுக்கும் குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் இருந்து, காக்கை, மைனா உட்படக் கண்டதையெல்லாம் எண்ணி, பறவைக் குறிப்புகளைப் பதிகிற இபேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். கேமராவை உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்தால் எண்ணுவது சுலபம்.