வாக்குத்தத்த அட்டையில் பில்தாத்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில், அதாவது புது வருடத்துக்கான பைபிள் வசனம் அச்சடித்த அட்டைகளில், ஆளுக்கு ஒன்று எடுப்போம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வழக்கம் அது. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு ஒரு தடவை யோபு 8:7 வந்தது: "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்.

அந்த அதிகாரத்தை நான் முழுசாக வாசித்தது ரொம்ப நாள் கழித்துத்தான். பேசுவது கடவுள் இல்லை, யோபின் நண்பர் பில்தாத்! பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த மனிதரிடம், உன் பிள்ளைகள் செய்த பாவம்தான் அவர்களைக் கொண்டுபோயிருக்கும் என்கிற தொனியில் பேச்சை எடுக்கிறார். அப்புறம், நீ சுத்தமானவனாக இருந்தால் எல்லாம் சரியாகும் என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் இந்த வரிக்கு வருகிறார். 42:7இல் கடவுளே இந்த நண்பர்கள்மேல் கோபப்படுகிறார். முடிவில் யோபுக்கு எல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது உண்மைதான், ஆனால் பில்தாத் போட்ட கணக்குப்படி இல்லை. யார், யாரிடம், எப்போது சொன்னது என்று பார்க்காமல் வசனத்தை உருவி எடுப்பதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. அம்மாவிடம் சொன்னேன். "அப்போ கடவுள் என்ன சொன்னாரு, அதப் படி" என்றார். 38ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்தோம்.

உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கடவுள் சொல்லும் எரேமியா 29:11க்கும் இதே கதிதான். கோப்பிக் குவளையில்கூட அச்சடித்து விற்கிறார்கள். அது எருசலேமிலிருந்து பாபிலோன் கைதிகளுக்குப் போன கடிதம். முந்தின வசனத்திலேயே எழுபது வருடம் என்று இருக்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்திருக்க முடியாது. அவர்களுக்குச் சொன்னது, வீடு கட்டுங்கள், "தோட்டங்களை நாட்டி" அதன் கனியைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த எனக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கும். ஆனால் அங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு: அவர்கள் கதையை முடிக்குமுன்னே நம் கதையை நுழைத்துவிடுவது.

பைபிளை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று தினம் மூன்று, நான்கு அதிகாரம் ஓட்டுகிறவர்கள் பிப்ரவரியில், சட்டதிட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் படுத்துவிடுகிறார்கள். ஓடாதீர்கள். பிலேமோனுக்கு எழுதிய கடிதம் 25 வசனம்தான், பசியாறும் நேரத்தில் ஒரே மூச்சில் வாசிக்கலாம். கடிதத்தைக் கடிதமாக வாசித்தால்தான் ஒநேசிமு என்ற அடிமைக்காகப் பவுல் எவ்வளவு சாமர்த்தியமாகக் கெஞ்சுகிறார் என்று தெரியும்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழும் காலை வாரும். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் என் மகள், இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று வந்ததும் நிறுத்தி, "அப்பா, இத சொன்னா நாளைக்குக் கணிதச் சோதனை இருக்காதா?" என்று கேட்டாள். மூலத்தில் உள்ள பெய்ராஸ்மோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு, பாவத்துக்கு இழுப்பது, சோதித்துப் பார்ப்பது என்ற இரண்டு பொருளும் உண்டு. அவளாவது கேட்டாள். நான் நாற்பது வருடமாகக் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.