யோகா தொடங்க 20 நிமிடமும் ஒரு ஜமக்காளமும் போதும்

"அஷ்டாங்கமா, ஐயங்கார் முறையா, விபாசனாவா? எதில் சேரட்டும்?" புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். முதல் இரண்டும் யோகாசன முறைகள், மூன்றாவது தியான முறை. முதல் ஒரு மாதம் எதிலும் சேர வேண்டாம், ஒழுங்காக உட்காரவும் மூச்சு விடவும் பழகுங்கள் என்பேன். பிறகு எந்த முறைக்குப் போனாலும் இந்த இரண்டும் கைகொடுக்கும்.

காலையில் வெறும் வயிற்றில் செய்வது நல்லது. முடியாவிட்டால், சாப்பிட்டு 3 மணி நேரம் போகட்டும்.

முதலில் உட்காருங்கள். ஜமக்காளத்தை நாலாக மடித்து அதன் விளிம்பில் உட்கார்ந்து சம்மணம் போடுங்கள். இப்போது முழங்காலைப் பாருங்கள். இடுப்பைவிட மேலே தூக்கிக்கொண்டு நின்றால் முதுகு தானாகக் கூன் போடும். அஞ்சு நிமிடத்தில் வலிக்கும். இன்னொரு போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முழங்கால் இடுப்புக்குக் கீழே இறங்கியதும் முதுகு சிரமமில்லாமல் நிமிர்வது தெரியும். அப்படியும் வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து, கையும் மூச்சும். எழுந்து நின்று, மூச்சை இழுத்தபடி இரு கைகளையும் முன்பக்கமாக மேலே தூக்குங்கள். விட்டபடி இறக்குங்கள். மூச்சு முதலில் கிளம்ப வேண்டும், கை அதன் பின்னால் போக வேண்டும். கை நின்ற பிறகும் மூச்சு கொஞ்சம் ஓட வேண்டும். 8 முறை போதும்.

அப்புறம் அபானாசனம். மல்லாந்து படுத்து முழங்கால்களைக் கையால் பிடியுங்கள். மூச்சை விடும்போது தொடைகளை வயிற்றருகே கொண்டுவாருங்கள், இழுக்கும்போது தள்ளிவிடுங்கள். இதுவும் 8 முறை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களின் இடுப்புக்கு இதைவிட எளிய உதவி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நாடி சுத்தி, அதாவது நாசி மாற்றி மாற்றி மூச்சு விடுவது. மறுபடி உட்காருங்கள். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்குங்கள். கட்டைவிரலால் வலது நாசியை மூடி இடது வழியாக இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி வலது வழியாக விடுங்கள். வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. 6 சுற்று செய்யுங்கள். 4 எண்ணும் வரை இழுத்தால் 6 எண்ணும் வரை விடுங்கள். மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும், படபடப்பு அடங்கும். மூச்சை உள்ளே பிடித்து வைக்கும் கும்பகம் இப்போது வேண்டவே வேண்டாம், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக ஆனாபானா. கண்ணை மூடி, மூக்கு நுனிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே மூச்சு உரசும் இடத்தை மட்டும் கவனியுங்கள். உள்ளே போவது குளிர்ச்சியாகவும் வெளியே வருவது கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். மனசு மளிகைச் சாமான் பட்டியலுக்கு ஓடிவிடும், ஓடட்டும். தெரிந்ததும் மூக்குக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவதுதான் தியானம். 5 நிமிடம் இருந்துவிட்டு, மிச்ச நேரம் சவாசனத்தில், கை கால்களைத் தளரவிட்டு மல்லாந்து படுத்திருங்கள்.

சரி, ஒரு மாதம் ஆயிற்று. இனி முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் இருவருமே மைசூரில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சார்யாவிடம் படித்தவர்கள். ஒரே குருதான், ஆனால் வழி எவ்வளவு வேறு! ஜோயிஸ் பரப்பிய அஷ்டாங்க வின்யாசத்தில் ஆசனங்கள் வரிசையாக, நிற்காமல் வரும், வியர்த்துக் கொட்டும். உடம்பில் தெம்பு இருப்பவர்களுக்கு அது பிடிக்கும். முதுகு, மூட்டு இறுகியவர்கள் ஐயங்கார் முறைக்குப் போங்கள். கட்டை, பெல்ட், நாற்காலி என்று உடம்புக்கு முட்டுக்கொடுத்துச் சொல்லித் தருவார்கள். கிருஷ்ணமாச்சார்யா பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து, ஆளுக்கு ஏற்பப் பயிற்சியை மாற்றித் தந்தார். அவர் மகன் தேசிகாச்சார் அதை வளர்த்தார். நோயும் மருந்துமாக இருப்பவர்களுக்கு அந்த வழியே ஏற்றது என்பது என் கருத்து.

உட்காருவதுதான் பிடித்திருக்கிறது என்றால் எஸ்.என். கோயங்கா என்ற தியான ஆசிரியர் பரப்பிய விபாசனா இருக்கிறது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் மையம் உண்டு. 10 நாள் பேசாமல் இருக்க வேண்டும், கட்டணம் கிடையாது. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதில் சேரக் கூடாது. எங்கே சேர்ந்தாலும் உங்கள் வயது, வலி, சாப்பிடும் மாத்திரை மூன்றையும் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.