இன்டர்கூலரை மாட்டும் முன் ஒரு சோப்புத் தண்ணீர் சோதனை

டர்போ டீசல் லாரிக்கு இன்ஜின் வேலை பார்க்கும்போது, இன்டர்கூலரை (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) வண்டியில் ஏற்றும் முன் ஓஸ்களோடு சேர்த்துக் கீழே வைத்தே காற்று நிரப்பிப் பாருங்கள். ஒரு முனையை இறுக்கி அடையுங்கள். மறுமுனை அடைப்பில் பழைய ட்யூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, கேஜ் பார்த்து 15 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். பக்கத் தொட்டி கோரோடு (நடுவில் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) சேரும் மடிப்பிலும் ஓஸை இறுக்கும் கிளாம்ப் உட்காரும் இடத்திலும் கடுகு கடுகாக நுரை கிளம்பினால் அங்கேதான் கசிவு.

டர்போ அழுத்திய காற்று இந்த வழியாக வெளியேறினால் டீசல் முழுதாக எரியாது. கரும்புகை தள்ளும், இழுவை குறையும், மைலேஜ் விழும். இதே அறிகுறிகள் டீசல் பம்ப், டீசலைத் தெளிக்கும் நாசில் கோளாறிலும் வரும் என்பதால், நல்ல நாசிலைக் கழற்றி வீண் செலவு செய்பவர்கள் அதிகம். ஓஸ் கிளாம்பையும் இப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அழுத்தம் கூடினால் அடைப்பு குண்டு போலத் தெறிக்கும்; முனைக்கு நேரே நிற்காதீர்கள்.

பழைய டர்போ உடைந்து போன வண்டிக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. டர்போவிலிருந்து வந்து இன்டர்கூலர் உள்ளே தேங்கிய ஆயிலை முழுதாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் அந்த ஆயிலையே குடித்துக் கட்டுப்பாடில்லாமல் ஓடக்கூடும். இரும்புத்தூளோ அலுமினியத் துணுக்கோ போயிருந்தால் கழுவுவதில் பயனில்லை, வேறு இன்டர்கூலர்தான்.