சனிக்கிழமை, மெதுவான வண்டி: ஜெர்மனியில் கோடை செமஸ்டர் படிக்கப் போகும் நீலகிரிப் பிள்ளைகளுக்கு

குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து கோவைக்கு இறங்கிப் படிக்கிற பிள்ளைகள், ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் கிடைத்ததும் பாரிஸ், ப்ராக், ஆம்ஸ்டர்டாம் என்று ஒரு பட்டியலோடுதான் என்னிடம் வருகிறார்கள். விசாவுக்கும் பிளாக்டு அக்கவுண்டுக்கும் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் கணக்கு) வழி சொல்ல ஆள் நிறைய உண்டு. நான் பேசப்போவது அந்தப் பட்டியலைப் பற்றி. அதில் பாதியை அடித்துவிடுங்கள். கோடை செமஸ்டர் ஏட்டில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இருக்கும். வகுப்புகள் பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை நடுவிலேயே முடிந்துவிடும். அந்தக் கொஞ்ச வாரங்களில் வெள்ளி இரவு பஸ் ஏறி, திங்கள் காலை கண் எரிய வகுப்பில் உட்காருவது வீண். இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஊர்களை எடுங்கள். நான் இருந்தது ஸ்டுட்கார்ட் பக்கத்து டூபிங்கனில். உங்களுக்கு வேறு ஊர் என்றாலும் முறை இதுதான்.

முதலில் டாய்ச்லான்ட் டிக்கெட். இது மாதச் சந்தா. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெட்ரோ, அப்புறம் ஆர்இ, ஆர்பி, எஸ் என்று பெயர் தொடங்கும் ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஐசிஇ, ஐசி, இசி என்ற நெடுந்தூர வண்டிகளில் செல்லாது. வாங்கும் முன் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். மாணவர்களுக்கு இதையே குறைந்த விலையில் தரும் இடங்கள் பல. டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும், அதனால் போட்டோ உள்ள அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கையில் வேண்டும்.

ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் உள்ளூர் வண்டிகளை மட்டும் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். போகிற வண்டிக்கு முன்னால் திரும்புகிற வண்டியைப் பாருங்கள். கிராமத்து பஸ் ஞாயிறன்று அத்தி பூத்தாற்போலத்தான் வரும். வண்டி மாற ஐந்து நிமிடம் என்று செயலி காட்டினால் நம்பாமல் அதற்கடுத்த வண்டியைக் கணக்கில் வையுங்கள். எஸ்இவி என்று போட்டிருந்தால் தண்டவாள வேலை நடக்கிறது, பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, சில வண்டிகளை நடுவழியில் இரண்டாகக் கழற்றிவிடுவார்கள். முன்பாதி ஓர் ஊருக்கு, பின்பாதி வேறோர் ஊருக்கு. பிளாட்பாரத்தில் ஏ, பி, சி என்று பலகைகள் தொங்கும். எந்தப் பாதி எந்த எழுத்துக்குக் கீழே நிற்கும் என்பது திரையில் வரும். பெட்டியின் பக்கவாட்டிலும் ஊர்ப் பெயர் ஓடும். அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். காலியாக இருக்கிறதே என்று கண்ணில் பட்ட பெட்டியில் ஏறினால், பேச்சு சுவாரசியத்தில் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்வீர்கள்.

உடுப்பு விஷயத்தில், குளிர் நமக்குப் பழக்கம்தானே என்ற தெனாவெட்டு நமக்கெல்லாம் உண்டு. நம் வீடுகளில் ஹீட்டர் கிடையாது, உள்ளேயும் ஸ்வெட்டர்தான். அங்கே வெளியே 4 டிகிரி இருக்கும், ரயிலுக்குள் புழுங்கும். ஊட்டி திபெத்திய மார்க்கெட்டில் வாங்கிய கனத்த ஸ்வெட்டர் ஒன்றைவிட, கழற்றிப் போட மெல்லிசாக இரண்டு மூன்றும், காற்றும் மழையும் புகாத ஒரு ஜாக்கெட்டும் மேல். ஏப்ரலில் ஒரே பகலில் வெயிலும் ஆலங்கட்டியும் பார்த்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். பெரிய ஸ்டேஷன் கடைகளும் சில பேக்கரிகளும்தான் துணை. ஆகவே காய்கறியை வெள்ளி மாலையே வாங்கிவிட்டு, சனிக்கிழமை பயணம், ஞாயிறு துணி துவைக்க, படிக்க என்று வையுங்கள். டப்பாவில் எலுமிச்சை சாதம், கொறிக்க வர்க்கி. வர்க்கியைக் கவரில் கட்டினால் தூள்தான் மிஞ்சும், எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். நெய், பால்கோவா வேண்டாம்; பால் பொருள்களை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள், அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம். கடை மெஷினில் போட்டுத் திரும்ப வாங்குங்கள்.

எங்கே போகலாம்? குன்னூர்க்காரர்கள் தவறவிடக் கூடாதது ஸ்டுட்கார்ட்டின் பல்சக்கர ரயில். மரியன்பிளாட்ஸிலிருந்து டேகர்லோக் வரை ஓடுகிறது, தொடங்கியது 1884-இல். தூரம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் ஏற்றம் சில இடங்களில் 17.8 சதவீதம், கல்லாறு–குன்னூர் ஏற்றமே 8.33 சதவீதம்தான். வண்டிக்கு முன்னால் சைக்கிள் ஏற்றும் ஒரு திறந்த தட்டைத் தள்ளிக்கொண்டு ஏறும். இதற்கும் அதே மாத டிக்கெட்தான். டிரைவருக்குப் பின்னால் நின்று தண்டவாளத்தின் நடுப் பற்களைப் பாருங்கள்.

நடக்கப் பிடித்தால் பாட் ஊராக் என்ற சின்ன ஊரின் அருவி. மெட்சிங்கனில் மாறினால் அருவியின் பெயரிலேயே ஒரு சின்ன நிறுத்தம். அருவி 37 மீட்டர். கோத்தகிரி கேத்தரின் அருவியைப் பார்த்த கண்ணுக்குச் சிறுசுதான். ஆனால் ஏப்ரல் கடைசியில் வழிநெடுக பழமரங்கள் பூத்திருக்கும். காட்டெருமை, யானை பயமில்லாமல் தனியாக நடக்கலாம். அந்தச் சுகம் நமக்குத்தான் தெரியும்.

நம் சோலையில் அட்டை என்றால் அங்கே உண்ணி. அட்டை ரத்தம் குடித்துவிட்டு விழுந்துவிடும். உண்ணி நோயை விட்டுவிட்டுப் போகலாம். புல்லில் நடக்கும்போது பேண்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், இடுப்புப் பட்டை இடம் எல்லாம் பாருங்கள். எள்ளளவில் கறுப்பாகக் கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் தடவாமல், ட்வீசரால் (சின்ன இடுக்கி) தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினால் டாக்டரிடம் போகவேண்டும். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. தென் ஜெர்மனி அந்த ஆபத்துள்ள பகுதி. ஒரே ஊசியில் முடியாது என்பதால் போனதும் கேளுங்கள்.

உல்ம் நகரின் பெரிய தேவாலயக் கோபுரத்துக்கு 768 படிகள். எதுவரை ஏறவிடுகிறார்கள் என்று அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்து ஊர் ஒன்றாவது வேண்டும் என்றால் மே, ஜூன் வாக்கில் வரும் பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு வையுங்கள். எல்லை தாண்டினால் ஒரிஜினல் பாஸ்போர்ட்.

கடைசி மாதம் டிக்கெட்டை ரத்துசெய்ய 10-ஆம் தேதிதான் கெடு. ஜூலை முடிவில் ஊர் திரும்புவதாக இருந்தால் ஜூலை 10-க்குள். தவறினால் ஆகஸ்ட் பணமும் எடுத்துவிடுவார்கள். ரத்து உறுதியான மின்னஞ்சல் வந்த பிறகே அங்குள்ள வங்கிக் கணக்கை மூடுங்கள்.