லிவர்பூலின் சீசன் பட்டியல்: படிப்பதிலும் தொகுப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கால்பந்து கிளப்பின் சீசன்வாரிப் பட்டியல் பார்வைக்கு எளிமையானது. ஆண்டு, ஆட்டங்கள், வெற்றி, டிரா, தோல்வி, புள்ளி, இடம். பக்கத்தில் எஃப்ஏ கோப்பை, லீக் கோப்பை என்ற உள்நாட்டுப் போட்டிகள், ஐரோப்பா (ஐரோப்பியக் கிளப் போட்டிகள்). எண்களை நிரப்பினால் வேலை முடிந்தது என்று தோன்றும். இங்கிலாந்தின் லிவர்பூல் போல 130 ஆண்டுகளைத் தாண்டிய கிளப்புக்கு அப்படி முடியாது. அந்தந்த ஆண்டின் விதி தெரியாமல் எந்த வரியையும் சரியாகப் படிக்க முடியாது.

1978-79ஐ எடுத்துக்கொள்வோம். லீக்கில் முதலிடம், 42 ஆட்டங்கள், 68 புள்ளிகள். இன்றைய கணக்கில் பழகியவருக்கு 68 என்றால் நாலாவது, ஐந்தாவது இடம் நினைவுக்கு வரும். உண்மையில் இங்கிலாந்து லீக் கண்ட மிக வலுவான அணிகளில் அது ஒன்று: 30 வெற்றி, 8 டிரா, 4 தோல்வி. அடித்தது 85 கோல், வாங்கியது வெறும் 16. அப்போது ஒரு வெற்றிக்கு 2 புள்ளிதான். 3 புள்ளி முறை 1981-82ல்தான் வந்தது. இன்றைய முறையில் போட்டால் 98 வரும்.

சரி, அப்படியே எல்லா வரிகளையும் 3 புள்ளிக்கு மாற்றிவிடலாமா? கூடாது. ஒப்பிட்டுப் பேசும்போது மாற்றிச் சொல்லலாம்; பட்டியலுக்குள் மாற்றி எழுதினால் அது வேறு பட்டியல் ஆகிவிடும். டிராவுக்கு வெற்றியில் பாதி மதிப்பு இருந்த காலத்தில், வெளியூர் ஆட்டத்தில் ஒரு புள்ளி கிடைத்தாலே போதும் என்று அணிகள் ஆடின. விதி மாறியிருந்தால் ஆட்டமும் மாறியிருக்கும்.

ஆட்டங்களின் எண்ணிக்கையும் நிலையானது அல்ல. லிவர்பூல் முதன்முதலில் லீக்கை வென்ற 1900-01ல் 34 ஆட்டங்கள். 1986-87 வரை நெடுங்காலம் 42. அடுத்த சீசனில் 21 அணிகள் என்பதால் 40. அதன்பின் மூன்று சீசன்களுக்கு 38, 1991-92ல் திரும்ப 42, 1995-96 முதல் இன்றுவரை 38. ஆகவே 1987-88ன் 90 புள்ளியை 2018-19ன் 97 புள்ளியோடு நேருக்கு நேர் வைப்பதில் அர்த்தமில்லை. முதலாவது 40 ஆட்டத்தில் வந்தது, கோப்பையும் வந்தது. இரண்டாவது 38 ஆட்டத்தில் வந்தது, ஒரே ஒரு தோல்வி, இருந்தும் இரண்டாமிடம்.

சமநிலையை உடைக்கும் விதி

எனக்கு மிகவும் பிடித்த வரி 1988-89. லிவர்பூல் 76 புள்ளி, ஆர்சனல் 76 புள்ளி. கோல் வித்தியாசம் இரண்டுக்கும் +37. ஆர்சனல் 73 கோல் அடித்து 36 வாங்கியிருந்தது. லிவர்பூல் 65 அடித்து 28. அதிக கோல் அடித்த அணி என்ற அடிப்படையில் ஆர்சனலுக்குப் பட்டம். கடைசி ஆட்டத்தில் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்பீல்டிலேயே 2-0 என்று வென்று, கடைசி நிமிடத்து மைக்கேல் தாமஸ் கோலால் அதைப் பறித்தார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இதில் உண்டு. 1975-76 வரை இங்கிலாந்தில் கோல் வித்தியாசம் பார்க்கவில்லை, கோல் சராசரி பார்த்தார்கள். அதாவது அடித்ததை வாங்கியதால் வகுப்பது. 65ஐ 28ஆல் வகுத்தால் 2.32. 73ஐ 36ஆல் வகுத்தால் 2.03. பழைய விதி நீடித்திருந்தால் அன்றிரவு 2-0 என்று தோற்ற பிறகும் லிவர்பூல்தான் சாம்பியன்! ஆர்சனல் ரசிகர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பழைய சீசன்களின் வரிசையைக் கோல் வித்தியாசத்தை வைத்துச் சரிபார்த்து, "பட்டியலில் பிழை" என்று முடிவுகட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

வெற்றுக் கட்டம் எல்லாம் ஒன்றல்ல

ஐரோப்பா என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தால் "தகுதி பெறவில்லை" என்று எடுத்துக்கொள்வது இயல்பு. லிவர்பூலைப் பொறுத்தவரை அந்தக் கோட்டுக்குப் பல பொருள் உண்டு.

1955-56க்கு முன் ஐரோப்பியக் கோப்பையே இல்லை. அது தொடங்கியபோது லிவர்பூல் மேல்மட்டத்துக்கு அடுத்த இரண்டாவது டிவிஷனில் கிடந்தது. 1953-54ல் கடைசி இடம் பிடித்து இறங்கி, 1961-62ல் மேலே வந்தது. 1963-64ல் லீக்கை வென்ற பிறகே, 1964 ஆகஸ்டில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் அணிக்கு எதிராக முதல் ஐரோப்பிய ஆட்டம் ஆடியது.

1985-86 முதல் 1990-91 வரையிலான கோடு முற்றிலும் வேறு. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில், ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் தொடங்கும் முன் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வந்தபோது ஏற்பட்ட நெரிசலில், சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் எதிரணியான இத்தாலியின் யுவென்டஸ் ரசிகர்கள். ஆங்கிலக் கிளப்புகளுக்குத் தடை விழுந்தது. மற்றவை 1990-91ல் திரும்ப, லிவர்பூல் ஓராண்டு கூடுதலாகக் காத்திருந்து 1991-92ல் யுஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம்) நடத்தும் யுஇஎஃப்ஏ கோப்பையில் இறங்கியது. இந்த ஆறு சீசன்களில் லிவர்பூல் மூன்று முறை லீக்கை வென்றது. 1985-86ல் எஃப்ஏ கோப்பையும் சேர்ந்து இரட்டைப் பட்டம். அந்த வரிகளில் "தகுதியில்லை" என்று எழுதுவது தவறு, "தடை" என்று எழுத வேண்டும். 1984-85 வரியிலும் "இறுதியாட்டம், தோல்வி 0-1" என்று மட்டும் எழுதி நகர்ந்துவிடக் கூடாது. அடிக்குறிப்பு கட்டாயம் வேண்டிய வரி அது.

தடைக்காலத்தில் ஐரோப்பாவுக்குப் போக முடியாத ஆங்கிலக் கிளப்புகளுக்காக ஸ்கிரீன்ஸ்போர்ட் சூப்பர் கோப்பை என்று ஒன்றை நடத்தினார்கள். 1985-86க்கு உரிய அதன் இறுதிப்போட்டி 1986 செப்டம்பரில்தான் நடந்தது. அதே நகரத்து எவர்டனை லிவர்பூல் வென்றது. பெயரில் சூப்பர் கோப்பை இருப்பதால் சிலர் இதை ஐரோப்பியக் கட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். இது உள்நாட்டுப் போட்டி.

போர்க்காலக் கோடு இன்னொன்று. 1939-40 சீசன் மூன்று ஆட்டங்களோடு நின்றது, அந்த முடிவுகள் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. போர்க்காலத்தில் வட்டார லீக்குகள் நடந்தாலும் அந்தக் கோல்கள் வீரர்களின் கணக்கில் சேராது. 1945-46ல் எஃப்ஏ கோப்பை முறைப்படி நடந்தது, லீக் நடக்கவில்லை. ஒரு கட்டம் நிரம்பியும் ஒன்று காலியாகவும் இருந்தால் அது அச்சுப்பிழை அல்ல.

பெயர் மாறினால் போட்டி மாறுமா?

சில இடங்களில் மாறாது. மில்க் கோப்பை, கோகோ கோலா கோப்பை, வொர்திங்டன் கோப்பை, கார்லிங் கோப்பை, கராபாவ் கோப்பை எல்லாம் ஒரே லீக் கோப்பைதான். விளம்பரதாரர் மட்டும் மாறினார். லிவர்பூல் அதைப் பத்து முறை வென்றிருக்கிறது. ஐரோப்பியக் கோப்பை 1992-93ல் சாம்பியன்ஸ் லீக் ஆனது, தொடர்ச்சி ஒன்றே. யுஇஎஃப்ஏ கோப்பை 2009-10ல் யூரோப்பா லீக் ஆனதும் அப்படியே.

ஆனால் யுஇஎஃப்ஏ கோப்பைக்கு முன்னோடியான, 1971க்கு முந்தைய ஃபேர்ஸ் கோப்பையை யுஇஎஃப்ஏ தன் போட்டியாக ஏற்பதில்லை. லிவர்பூல் 1960களின் பிற்பகுதியில் அதில் ஆடியது. கிளப்பின் ஐரோப்பிய ஆட்டங்களில் அதைச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். யுஇஎஃப்ஏ கோப்பை என்ற தலைப்பின் கீழ் போடக் கூடாது.

1992ல் இங்கிலாந்து லீக்கின் மேல்மட்டமாக வந்த பிரீமியர் லீக் விஷயத்தில்தான் சண்டை அதிகம். லிவர்பூலின் முதல் பட்டம் 2020 என்று எழுதுவோர் 1992க்கு முன் கால்பந்தே இல்லை என்பது போல எழுதுகிறார்கள். லீக்கின் மேல்மட்டத்தில் 20 பட்டங்கள். அவற்றில் பிரீமியர் லீக் என்ற பெயரில் வந்தவை 2019-20ம் 2024-25ம். இரண்டாவது டிவிஷனை வென்ற நான்கு சீசன்களை இந்த 20ல் கலக்கக் கூடாது. அந்த நான்கில் 1893-94 தனிச் சுவை உடையது: 28 ஆட்டங்களில் ஒரு தோல்வியும் இல்லை, ஆனாலும் தானாக மேலே போக முடியவில்லை. மேல்மட்டத்தின் கடைசி அணியோடு ஒரு தேர்வு ஆட்டம் ஆடி 2-0 என்று வென்ற பிறகுதான் ஏற்றம். தோற்று இறங்கிய அணி நியூட்டன் ஹீத்; பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்.

வென்றார்கள், ஆனால் டிரா

ஐரோப்பிய ஆட்டங்களைக் கூட்டும்போது கோப்பையைத் தூக்கியதும் ஆட்டத்தை வென்றதும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. 1984ல் ரோமாவோடு 1-1, 2005ல் இஸ்தான்புல்லில் மிலானோடு 3-3. இரண்டையும் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்றார்கள். ஆட்டக் கணக்கில் இரண்டும் டிரா.

பெனால்டி வருவதற்கு முன் நிலைமை இன்னும் வேடிக்கை. 1964-65 ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியின் கொலோனோடு 0-0, 0-0, பிறகு ரோட்டர்டாமில் 2-2. கடைசியில் இரு நிற வட்டு ஒன்றைச் சுண்டினார்கள். முதல் தடவை அது சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்றுவிட்டது, திரும்பச் சுண்டியதில் லிவர்பூலுக்கு அதிர்ஷ்டம். 1968-69 ஃபேர்ஸ் கோப்பையில் அத்லெடிக் பில்பாவோவிடம் அதே வழியில் வெளியேறினார்கள். "தோல்வி" என்று எழுதினால் பொய். மொத்தம் 3-3, நாணயச் சுண்டலில் வெளியேற்றம்.

1973 யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியின் முதல் ஆட்டம் மழையால் 27 நிமிடத்தில் நின்றது. மறுநாள் புதிதாக ஆடி ஜெர்மனியின் மோன்ஷென்கிளாட்பாக்கை 3-0 என்று வென்றார்கள், இரண்டாவது ஆட்டத்தில் 0-2, மொத்தம் 3-2. அந்த 27 நிமிடம் கணக்கில் வராது. ஆனால் அதற்குள் உயரப் பந்துகளைத் தலையால் ஆடுவதில் எதிரணிக்கு இருந்த பலவீனத்தைக் கவனித்த லிவர்பூல் மேலாளர் பில் ஷாங்க்லி, மறுநாள் உயரமான ஜான் டோஷாக்கை இறக்கினார் என்பதால், கதையிலிருந்து அதை விட முடியாது.

எந்த ஆண்டு, எந்த சீசன்?

2019ல் சாம்பியன்ஸ் லீக், யுஇஎஃப்ஏ சூப்பர் கோப்பை, கிளப் உலகக் கோப்பை மூன்றும் கிடைத்தன. முதலாவது 2018-19 வரியில் வர வேண்டும், மற்ற இரண்டும் 2019-20ல். 1981 டிசம்பரில் டோக்கியோவில் பிரேசிலின் ஃபிளமெங்கோவிடம் 0-3 என்று தோற்றது, முந்தைய சீசனின் ஐரோப்பிய வெற்றியால் கிடைத்த வாய்ப்பு. ஆட்டமோ 1981-82க்கு உரியது. நிகழ்ந்த தேதிதான் வரியைத் தீர்மானிக்கும், தகுதி பெற்ற ஆண்டு அல்ல. மேலே சொன்ன ஸ்கிரீன்ஸ்போர்ட் கோப்பை மாதிரி ஒரு போட்டியே நீண்டு அடுத்த சீசனுக்குள் போனால் மட்டும் குறிப்பு எழுதிக்கொள்ளலாம்.

லீக் இடத்தை வைத்து அடுத்த ஆண்டின் ஐரோப்பாவை ஊகிப்பதும் ஆபத்து. 2004-05ல் லிவர்பூல் ஐந்தாமிடம், எவர்டன் நான்காமிடம். ஐரோப்பிய சாம்பியன் என்றாலும் தானாக இடம் கிடைக்கவில்லை. யுஇஎஃப்ஏ தனி அனுமதி தந்து, 2005 ஜூலையில் முதல் தகுதிச்சுற்றிலிருந்து ஆட வைத்தது. ஒரே சீசனில் இரண்டு ஐரோப்பியப் போட்டிகளும் வரலாம்: 2009-10ல் சாம்பியன்ஸ் லீக் குழுவில் வெளியேறி, யூரோப்பா லீக் அரையிறுதி வரை போனார்கள். ஒரே கட்டத்தில் அரையிறுதி என்று எழுதினால் எந்தப் போட்டி என்று தெரியாது.

அதிக கோல் அடித்தவர் பகுதியில் ஒரே எச்சரிக்கை: லீக் கோலா, எல்லாப் போட்டிகளுமா என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். 1983-84ல் இயன் ரஷ் லீக்கில் 32, மொத்தம் 47. இரண்டும் சரியான எண்கள்தான்.

2024-25 வரி இந்தச் சிக்கல்கள் பலவற்றைச் சேர்த்துக் கொண்டுவருகிறது. சாம்பியன்ஸ் லீக்கின் புதிய முறையில் குழுக்கள் இல்லை. 36 அணிகளும் ஒரே அட்டவணையில், அணிக்கு 8 ஆட்டம். லிவர்பூல் 21 புள்ளியோடு முதலிடம். அடுத்து கடைசி 16ல் பாரிஸ் சென் ஜெர்மன்: பாரிஸில் 1-0 வெற்றி, ஆன்பீல்டில் 0-1 தோல்வி, பெனால்டியில் 1-4. ஆட்டக் கணக்கில் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. டிரா எதுவும் இல்லை. கட்டத்தில் "கடைசி 16" என்று எழுதிவிட்டு, 8 ஆட்ட லீக் சுற்றில் முதலிடம் என்பதை அடிக்குறிப்பில் சேருங்கள். பழைய குழுச் சுற்றின் 6 ஆட்டப் புள்ளிகளோடு அந்த 21ஐ ஒப்பிட வேண்டாம்.