இல்லத்தில் வளரும் குழந்தைக்கு நிரந்தரக் குடும்பம்: குழந்தைகள் நலக் குழு செய்ய வேண்டியவை

தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் தம்பதிகள் ஒரு பக்கம். இல்லங்களிலேயே வளர்ந்து பதினெட்டைத் தொடும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு பேரும் சந்திக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், நகராத ஒரு கோப்பு. 'இந்தக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம்' என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்தால்தான் நாட்டின் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காராவின் இணையதளம் கேரிங்ஸில் அதன் பெயர் ஏறும். அதுவரை எந்தப் பெற்றோர் கண்ணுக்கும் அந்தக் குழந்தை தெரியாது.

இளைஞர் நீதிச் சட்டம், 2015 இந்தக் குழுவுக்கு நடுவர் மன்றத்துக்கு உள்ள அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். மாதத்துக்குக் குறைந்தது 20 அமர்வுகள். குழு உறுப்பினர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர்கள், இல்ல நிர்வாகிகள், குழந்தைக்காக ஆஜராகும் வழக்கறிஞர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது.

முதல் அமர்விலேயே கடிகாரத்தை ஓடவிடுங்கள்

குழந்தை கிடைத்த 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் நீங்கலாக) குழுவின் முன் வந்தாக வேண்டும். அந்தத் தேதியைக் கோப்பின் மேலட்டையில் பெரிதாக எழுதுங்கள். ஆதரவற்ற, கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயது வரை என்றால் அந்த நாளிலிருந்து 2 மாதத்துக்குள், இரண்டு வயதுக்கு மேல் என்றால் 4 மாதத்துக்குள் முடிவு வர வேண்டும். இல்லத்தில் சேர்ந்த நாளிலிருந்தோ காவல் துறை அறிக்கை வந்த நாளிலிருந்தோ எண்ணுகிறவர்கள் உண்டு. அது தவறு. மருத்துவமனையில் எடைக்குறைவுக்காக ஒரு மாதம் இருந்த பச்சிளங்குழந்தைக்கு அந்த மாதமும் கணக்கில் சேரும்.

குழந்தையின் குடும்பப் பின்னணியைச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள் அவகாசம். முதல் நாளே யார் எடுத்து வருவது என்று பெயர் குறித்து உத்தரவிடுங்கள். 'அலகுக்கு உத்தரவிடப்படுகிறது' என்று பொதுவாக எழுதினால் அந்த வேலை யார் மேசையிலும் இருக்காது.

கைவிடப்பட்ட குழந்தை என்றால் மூன்று வேலை நாட்களுக்குள் படத்துடன் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். தவறு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். சென்னை சென்ட்ரலில் ரயிலிலிருந்து இறக்கப்பட்ட, ஒடியாவோ இந்தியோ பேசும் சிறுவனுக்கு இங்குள்ள தமிழ் நாளிதழில் மட்டும் விளம்பரம் கொடுத்தால் அவன் ஊரில் அதை யார் படிப்பார்கள்? குழந்தை வெளிமாநிலத்தது என்று தெரிந்தால் அந்த ஊரில், அந்த மொழியில் அறிவிப்பு வரச் செய்ய வேண்டும். காணாமல் போன குழந்தைகளுக்கான இணையப் பதிவிலும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யாமல் அறிவித்த ஒரு குழந்தைக்குப் பெற்றோர் பின்னால் வந்து நின்றால், இரண்டு குடும்பங்களும் உடையும்.

பெற்றோரைத் தேடியது பற்றிப் பாதுகாப்பு அலகு 30 நாளில் அறிக்கை தர வேண்டும். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற காவல் துறை அறிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. குறித்த 2 மாதம் அல்லது 4 மாதத்துக்குள் அது வராவிட்டால், வந்ததாகவே கொள்ளலாம் என்று தத்து ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. இந்த ஒரு வரி தெரியாததால் நின்றுபோன கோப்புகள் ஏராளம். இன்னொன்று: கைவிட்டதற்காகவோ ஒப்படைத்ததற்காகவோ பெற்ற தாய் தகப்பன் மீது இந்த விசாரணையின்போது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதை மருத்துவமனைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் எழுத்தில் அனுப்பி வையுங்கள். வழக்குக்குப் பயந்துதான் பல பெண்கள் குழந்தையைக் குப்பைமேட்டில் விட்டுச் செல்கிறார்கள்.

தாயே வந்து ஒப்படைத்தால்

ஒப்படைப்புப் பத்திரம் குழுவின் முன்னால்தான் எழுதப்பட வேண்டும். இல்லத்திலோ மருத்துவமனையிலோ எழுதி வாங்கிய தாளுக்கு மதிப்பில்லை. தம்பதி என்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று. கணவர் எங்கே என்று தெரியாமல் மனைவி மட்டும் வந்தால் அதை ஒப்படைப்பாக ஏற்காமல், கைவிடப்பட்ட குழந்தைக்கான விசாரணையாக நடத்துங்கள். பாட்டியோ மாமாவோ கொண்டு வந்தாலும் அப்படித்தான்.

கையெழுத்துக்கு முன்னால் ஆலோசனை கட்டாயம். தாய் கொடுக்க நினைப்பது பணமில்லாததால்தானா என்று கேளுங்கள். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. வறுமை ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கும் காரணமாக இருக்கவே கூடாது. குடும்பத்தோடு சேர்த்துவைப்பதுதான் சட்டத்தின் முதல் நோக்கம். தத்து அதற்குப் பிறகுதான்.

பத்திரம் ஆன பின் மனம் மாற 2 மாதம் அவகாசம். அந்தத் தேதியை, தாய்க்குப் புரியும் தமிழில், ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு நாளிதழ் விளம்பரம் கூடாது. தாயின் அடையாளம் வெளியே போகக் கூடாது. தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் தொட்டிலில் பெயர் சொல்லாமல் விட்டுச் சென்ற குழந்தை என்றால், கைவிடப்பட்ட குழந்தைக்கான வழிமுறைதான்.

யாருமே பார்க்க வராத பிள்ளைகள்

ஆதரவற்ற பச்சிளங்குழந்தையின் கோப்பு எப்படியோ நகர்ந்துவிடும். அதைவிடக் கஷ்டமான நிலையில் இருப்பது ஆறு, எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள். கோப்பில் தாயின் பெயர் இருக்கும். பார்வையாளர் பதிவேட்டில் அவர் கையெழுத்து ஒரே ஒருமுறை, சேர்த்த அன்று மட்டும். குழு ஒவ்வொரு முறையும் எழுதுவது இது:

'குழந்தையின் நலன் கருதி, மறு உத்தரவு வரும்வரை இல்லத்தில் தங்க அனுமதிக்கப்படுகிறது.'

இப்படி எழுதியே ஐந்தாறு வருடம் ஓடிவிடும். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்:

'ரேஷன் அட்டையில் உள்ள முகவரிக்குக் களப் பணியாளர் 10 நாளுக்குள் நேரில் சென்று, கிராம நிர்வாக அலுவலர் மற்றும் பக்கத்து வீட்டார் இருவரின் வாக்குமூலத்துடன் அறிக்கை தர வேண்டும். தாய்க்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அடுத்த அமர்வு 24-ஆம் தேதி. தாய் வந்தாலும் வராவிட்டாலும் அன்று விசாரணை தொடரும்.'

இதில் ஆள், நாள், இடம், அடுத்த கட்டம் நான்கும் இருக்கின்றன. இந்த நான்கும் இல்லாத உத்தரவை எழுதவே வேண்டாம்.

2023 நவம்பரில் டெம்பிள் ஆஃப் ஹீலிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இல்லங்களில் உள்ள இத்தகைய குழந்தைகளை அடையாளம் காண இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முனைப்பு இயக்கம் நடத்தச் சொன்னது. ஒரு வருடத்துக்கு மேல் யாரும் வந்து பார்க்காதவர்கள், பாதுகாவலர் தகுதியற்றவராக இருப்பவர்கள் ஆகியோரும் அந்தத் தேடலில் அடக்கம். இதை நடைமுறைப்படுத்த வழி எளிது. குழு மாதம் இரண்டு முறையாவது இல்லங்களை ஆய்வு செய்தாக வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அந்த ஆய்வில் சமையலறையையும் கழிப்பறையையும் பார்த்த கையோடு, பார்வையாளர் பதிவேட்டையும் தொலைபேசிப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். குழந்தை வாரியாக, கடைசியாக யார், எப்போது வந்தார் என்று ஒரு பட்டியல் போடுங்கள். தீபாவளி, கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போகாமல் இல்லத்திலேயே தங்கிய பிள்ளைகள் யார் என்று விடுதிக் காப்பாளரைக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய பட்டியல் முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

'ஆதரவற்ற குழந்தை' என்பதற்குச் சட்டம் தரும் பொருள் பலர் நினைப்பதைவிட அகலமானது. தாய் தகப்பன் இல்லாத குழந்தை மட்டுமல்ல; சட்டப்படியான பாதுகாவலர் வளர்க்க விரும்பாத, அல்லது வளர்க்க இயலாத குழந்தையும் அதில் வரும். எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் பெயரளவில் பாதுகாவலராக இருக்கிறார் என்பதற்காக அந்தக் குழந்தையின் கோப்பை மூடி வைக்க வேண்டியதில்லை. பாட்டியை வரவழைத்துப் பேசுங்கள். அவரால் முடியாது என்றால் அதை வாக்குமூலமாகப் பதியுங்கள்.

கூடவே சித்தப்பா, பெரியம்மா, மாமா, அத்தை யாராவது உண்டா என்று விசாரிக்க மறக்க வேண்டாம். உறவினர் தத்தெடுக்கச் சட்டம் இடம் தருகிறது, மதம் தடையில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு மட்டும் போன் செய்யும் தாய் விஷயத்தில் அவசரம் கூடாது. 'தொடர்பில் இருக்கிறார்' என்று எழுதி விட்டுவிடுவதும் சரியல்ல. உறவை ஒரேயடியாக அறுப்பதும் சரியல்ல. நேரில் வரவழைத்து, மூன்று மாதத்துக்குள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்: இத்தனை முறை வந்து பார்ப்பது, தங்குமிடம் காட்டுவது, நிதி ஆதரவுக்கு விண்ணப்பிப்பது. செய்தால் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் வேலையைத் தொடங்கலாம். செய்யவில்லை என்றால் அதுவே விசாரணையில் சான்று. தாய் சிறையிலோ மனநல மருத்துவமனையிலோ இருக்கிறார் என்றால் அது கைவிடுதல் ஆகாது. முதலில் களப் பணியாளரிடம் அவரைச் சந்தித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அறிவிப்பும் அதற்குப் பிறகும்

தத்துக்கு விடலாம் என்ற முடிவை மூன்று உறுப்பினர்களாவது சேர்ந்து எடுக்க வேண்டும். இரண்டு கையெழுத்துடன் போன உத்தரவு திரும்பி வரும். உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்றாண்டு; அது முடிந்து புதியவர்கள் வரும்வரை சில மாவட்டங்களில் எல்லாமே நின்றுவிடுகிறது. முடிவதற்கு ஆறு மாதம் முன்பே துறைக்கு எழுதுங்கள்; இடைவெளி வந்தால் பக்கத்து மாவட்டக் குழுவுக்குப் பொறுப்புத் தரக் கேளுங்கள்.

அறிவிப்பு வந்த 10 நாளுக்குள் குழந்தை பற்றிய ஆய்வு அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் கேரிங்ஸில் ஏற வேண்டும். இதில் மெத்தனம் அதிகம். இரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை என்று ஒரு மாதம் போய்விடும். விசாரணை முடிகிற வாரத்திலேயே பரிசோதனைகளை எடுத்துவிட்டால் இந்தத் தாமதம் இல்லை. உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்கள் கோப்புகளை ஒரே நாளில் முடியுங்கள். அண்ணன் கோப்பு முடிந்து தங்கை கோப்பு முடியாவிட்டால் தளத்தில் அவன் தனியாகத் தெரிவான், தனியாகவே போய்விடுவான்.

தத்து உத்தரவு 2022 செப்டம்பர் 1 முதல் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் போயிருக்கிறது. மனு தாக்கலான 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். விசாரணை மூடிய அறையில். குழந்தையின் விருப்பத்தை அதன் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்பக் கேட்க வேண்டும், பணம் கைமாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மனு திரும்புவது பெரும்பாலும் அற்பக் காரணங்களால்தான்: ஆதாரில் ஒரு பெயர், திருமணச் சான்றில் இன்னொரு எழுத்து, குழுவின் உத்தரவில் ஒரு பிறந்த தேதி, மருத்துவ அறிக்கையில் வேறு தேதி. அனுப்பும் முன் எல்லாத் தாள்களையும் வரிசையாக விரித்து, பெயர், தேதி, முகவரி மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தத்து கைகூடாத பிள்ளைக்கு

எல்லாக் குழந்தைக்கும் தத்து அமையாது. பெற்றோர் உயிரோடு இருந்து, உறவு அறாமல், ஆனால் வீடு தர இயலாத நிலை என்றால் வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது தத்துக் கொடுக்காமல் வேறொரு குடும்பத்தில் வளர வைப்பது, சரியான வழி. 2024-இல் வந்த மாதிரி வழிகாட்டுதல்கள், ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதை முன்வைக்கின்றன. வளர்ப்புக் குடும்பமே குழந்தையைத் தத்தெடுக்க முன்பு 5 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது 2 வருடம். குழந்தைக்குப் பிடித்துப்போன வீடு அதன் வீடாகவே ஆக இது நல்ல வாய்ப்பு. ஆனால் ஒரு எச்சரிக்கை: தத்துக்குத் தகுதியான குழந்தையை நீண்டகால வளர்ப்பில் வைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. தத்து வேலையைத் தவிர்க்கும் குறுக்குவழியாக இதைப் பயன்படுத்தக் கூடாது.

வளர்ப்புக் குடும்பத்தைக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும். குழந்தையிடம் தனியாகப் பேசுங்கள். 'நன்றாக இருக்கிறாயா?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், யாரோடு பள்ளிக்குப் போனாய், உன் புத்தகப்பை எங்கே இருக்கும் என்று கேளுங்கள். வீட்டின் நிலை தெரிந்துவிடும்.

தத்துக் கொடுத்த பின்னும் 2 வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பின்தொடர் அறிக்கை உண்டு. வயதில் பெரிய பிள்ளைகள் புது வீட்டுக்குப் போன முதல் சில வாரங்களில் பொய் சொல்வது, சாப்பாட்டை ஒளித்து வைப்பது, இல்லத்துக்கே போகிறேன் என்று அடம்பிடிப்பது எல்லாம் நடக்கும். பயந்துபோன பெற்றோர் 'எங்களால் முடியவில்லை' என்று வந்து நிற்பதும் அப்போதுதான். முதல் வருகைக்கு ஆறாவது மாதம் வரை காத்திருக்காமல், இரண்டாவது வாரத்திலேயே சமூகப் பணியாளரை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள்.