கோழிக்குஞ்சு சேவலா, பெட்டையா? எந்த வயதில் எதைப் பார்ப்பது

பொரித்து ஒரு வாரம்கூட ஆகாத நாட்டுக்கோழிக் குஞ்சைக் கையில் எடுத்து, இது சேவல், இது பெட்டை என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அவர்கள் சொல்வது பாதி நேரம் பலிக்கத்தான் செய்யும். பொரிக்கிற குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல், பாதி பெட்டை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதி சரியாக வந்துவிடும். முட்டையின் முனை கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை என்பதும், நூலில் மோதிரத்தைக் கட்டி முட்டைக்கு மேல் தொங்கவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பதும், குஞ்சின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் துள்ளுகிறதா என்று பார்ப்பதும் இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க அதுதான் காரணம். மனிதரில் அப்பாவிடமிருந்து வரும் குரோமோசோம்தான் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. பறவைகளில் அது தாயிடமிருந்து வருகிறது, அதுவும் முட்டைக்கு ஓடு கட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் எந்தக் கிழமையில் அடை வைத்தாலும் மாறாது.

அப்படியானால் குஞ்சு பொரிப்பகங்களில் ஒரு நாள் குஞ்சையே பிரிக்கிறார்களே என்று கேட்கலாம். பிரிக்கிறார்கள், சரியாகவும் பிரிக்கிறார்கள். ஒரு வழி ஆசனவாயை லேசாக விரித்து உள்ளே இருக்கும் மிகச் சிறிய புடைப்பைப் பார்ப்பது. 1920-களில் ஜப்பானில் கண்டுபிடித்து உலகம் முழுக்கப் பரவிய முறை இது. அந்தப் புடைப்பு சில பெட்டைகளிலும் இருக்கும் என்பதால் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களால்தான் வித்தியாசம் காண முடியும். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். ஒரு நாள் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் கரையாமல் இருக்கும், அழுத்திப் பிடித்தால் குஞ்சு செத்தே போகலாம்.

இன்னொரு வழி இறக்கை. விரித்துப் பார்த்தால் இரண்டு வரிசையாக இறகு முளைத்திருக்கும். கீழ் வரிசை நீளமாகவும் மேல் வரிசை குட்டையாகவும் இருந்தால் பெட்டை, இரண்டும் ஒரே நீளம் அல்லது மேல் வரிசை நீளம் என்றால் சேவல். இணையத்தில் இந்த வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன, அதைப் பார்த்து நம் வீட்டுக் குஞ்சுகளின் இறக்கையை விரித்துப் பார்க்கிறவர்களும் நிறைய. ஆனால் வேகமாக இறகு முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் வேண்டுமென்றே இணைசேர்த்து எடுத்த குஞ்சுகளில் மட்டும்தான் இது வேலை செய்யும். தெருவில் மேய்ந்து, எந்தச் சேவலோடு சேர்ந்தது என்று நமக்கே தெரியாத கோழியின் குஞ்சுகளில் இறக்கை ஒன்றும் சொல்லாது.

பொரிப்பகம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. தெருவில் பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றி விற்கும் கலர் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காகப் பொரித்து, பெட்டையை எடுத்துக்கொண்டு கழித்துவிட்ட சேவல் குஞ்சுகள். குழந்தை ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்தால் கொடுங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், முட்டையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, நம் வீட்டுக் குஞ்சுகளுக்கு வருவோம். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும் விட நம்பகமான வழி. தனியாக ஒரு குஞ்சை எடுத்து அதன் கொண்டை பெரிதா சிறிதா என்று கேட்டால் பதில் கிடையாது, எதைவிடப் பெரிது என்பதுதான் கேள்வி. ஒரே வயது, ஒரே தீனி, ஒரே தாய் என்றால் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் சேவல் பெட்டை வித்தியாசமாகத்தான் இருக்கும். அதனால் முதல் மாதம் அடையாளம் மட்டும் வைத்துவிடுங்கள். காலில் கலர் நூல் கட்டலாம், ஆனால் கால் தடிக்கத் தடிக்க நூல் சதையில் இறங்கிவிடும், வாரா வாரம் அவிழ்த்துக் கட்ட வேண்டும். அதற்கு நகப்பாலிஷ் மேல், விரல் நகத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும், அழிந்தால் மறுபடி வைக்கலாம்.

நான்கு வாரத்திலிருந்து கொண்டையைப் பாருங்கள். அதுவரை எல்லாக் குஞ்சுக்கும் மெல்லிய, வெளிறிய ஒரு கோடுதான். ஐந்து, ஆறு வாரத்தில் சிலவற்றுக்கு அது தடித்து, அகன்று, வெளிர் மஞ்சளிலிருந்து ரோஸாகி, எட்டு வாரத்துக்குள் சிவக்கத் தொடங்கும், அலகுக்குக் கீழே தாடியும் எட்டிப் பார்க்கும். அவை சேவல். பெட்டைகளுக்கு அந்த வயதில் கொண்டை இன்னும் கோடாகவே, வெளிறியே இருக்கும். கூடவே காலையும் பாருங்கள்: சேவல் குஞ்சின் கால் தடித்து நீளமாக இருக்கும், நிற்கும்போது நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். வனராஜா, கிரிராஜா மாதிரி வேகமாக வளரும் இனங்களில் இதெல்லாம் கொஞ்சம் முன்னதாகவே தெரிந்துவிடும், சிறுவிடைக் குஞ்சுகளுக்குப் பொறுமை வேண்டும்.

கொண்டை ஏமாற்றும் இடங்களும் இருக்கின்றன. அசில் வகையில், அதாவது சண்டைச் சேவல் ரத்தம் கலந்த குஞ்சுகளில், கொண்டை இயல்பிலேயே உச்சியில் ஒட்டிய சின்னப் பட்டாணி மாதிரிதான் இருக்கும், சேவலுக்கும் அது பெரிதாக எழும்பாது. அங்கே உயரத்தைவிட அகலத்தையும் நிறத்தையும் கவனிக்க வேண்டும். கருங்கோழிக்குக் கொண்டையே கறுப்பு என்பதால் சிவப்பைத் தேடிப் பயனில்லை, அளவு ஒன்றுதான் கணக்கு. அப்புறம் வயிற்றில் பூச்சி இருந்தாலும் நோய் வந்து தேறியிருந்தாலும் சேவலின் கொண்டை வெளிறிப் பெட்டை மாதிரியே தெரியும். சோர்ந்து நிற்கிற குஞ்சை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், முதலில் அதைத் தேற்றுங்கள்.

இறகு முளைப்பதும் ஒரு துப்பு. மூன்று முதல் ஐந்து வாரத்தில் பெட்டைகளுக்கு முதுகும் தோளும் சீக்கிரம் மூடிக்கொள்ளும், வால் கொஞ்சம் நீளமாக நேராக வரும். சேவல்களில் பல முதுகில் தோல் தெரிய, வால் என்ற பெயரில் ஒரு குச்சத்தோடு திரியும். கழுத்தில் இறகே இல்லாத வகைக்கு உடம்பு முழுக்கவே இறகு குறைவு, அதில் இதைப் பார்க்காதீர்கள். நிறத்தைப் பொறுத்தவரை கலவையான நாட்டுக்கோழியில் பொதுவிதி சொல்வது கஷ்டம், ஆனால் பழுப்பு நிறக் குஞ்சுகளில் ஒன்று நன்றாகப் பிடிபடும்: இரண்டு மாதத்தை ஒட்டி இறக்கையின் தோள்பட்டையில் அடர்ந்த செம்பழுப்புத் திட்டுகள் வந்து, நெஞ்சில் கறுப்பு இறகு முளைத்தால் அது சேவல். பெட்டையின் நெஞ்சு பழுப்பாகவே, நிறம் உடல் முழுக்க ஒரே சீராக இருக்கும்.

இதெல்லாம் பார்த்தும் சந்தேகம் தீராத ஒன்றிரண்டு எப்போதும் மிஞ்சும். அவற்றுக்கு மூன்று மாதம் ஆகட்டும். சாயங்காலம் பஞ்சாரத்தில் அடைத்தபின் கோழியைப் பிடித்து, கக்கத்தில் அணைத்து வைத்துக்கொண்டு, முதுகு முடிந்து வால் தொடங்குகிற இடத்தில் உள்ள இறகுகளை விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். வெளிச்சம் மங்குவதற்குள் பார்ப்பது நல்லது. பெட்டையின் இறகு அகலமாக, நுனி உருண்டையாக, ஓரம் வரை அடர்த்தியாக இருக்கும். சேவலுக்கு அந்த இடத்தில் புதிதாக முளைக்கும் இறகு ஒடுக்கமாக, நுனி ஈட்டி போலக் கூராக இருக்கும், ஓரங்களில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் பிரிந்து பிரிந்து நிற்கும், அதனால்தான் சேவலின் முதுகு வெயிலில் அப்படிப் பளபளக்கிறது. பழைய குஞ்சு இறகுகளுக்கு நடுவே இப்படி நான்கைந்து புதிய கூர் இறகு கண்ணில் பட்டால் போதும், அது சேவல்தான். கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் வரும். எல்லா அடையாளங்களிலும் நான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வது இதைத்தான்.

கூவுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று தோன்றும், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. சில சேவல்கள் இரண்டரை மாதத்திலேயே கரகரத்த குரலில் முயற்சி செய்யும், சில ஐந்து மாதம் வரை வாயே திறக்காது, வீட்டில் பெரிய சேவல் ஒன்று அதிகாரம் செய்துகொண்டிருந்தால் இன்னும் அடங்கியிருக்கும். கூவவில்லை என்பதால் பெட்டை ஆகிவிடாது. மாறாக, வயதான பெட்டை ஒன்று திடீரென்று கூவ ஆரம்பித்தால் வீட்டுக்கு ஆகாது என்று அறுத்துவிடுகிறவர்கள் உண்டு. பெட்டைக்கு இடது பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்கிறது, அது கெட்டுப்போனால் உடம்பில் ஹார்மோன் மாறி சேவல் மாதிரி இறகும் குரலும் வரும். அது நோய், சகுனம் இல்லை. கால் முள்ளும் அப்படித்தான்: சேவலுக்கு முள் நீள மாதக்கணக்கில் ஆகும், சில பெட்டைகளுக்கும் முள் வரும். குஞ்சுகள் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு முட்டிக்கொள்வதைப் பார்த்தும் முடிவுக்கு வராதீர்கள், பெட்டைகளும் சின்ன வயதில் அப்படித்தான் சண்டை போடும்.

எனக்கு உண்மையிலேயே மனசு கேட்காத இடம் ஒன்று இருக்கிறது. ஐந்து, ஆறு மாதத்தில் முட்டைக்கு வரப்போகும் வெடக்கோழியின் கொண்டை திடீரென்று சிவந்து பெரிதாகும். அதுவரை பெட்டை என்று நினைத்தவர்கள், அடடா இது சேவலோ என்று கறிக்குக் கொடுத்துவிடுகிறார்கள், இன்னும் பத்துப் பதினைந்து நாளில் முதல் முட்டை வைக்க வேண்டிய கோழியை. கொண்டை மூன்றாவது மாதத்துக்கு முன்பே சிவந்திருந்தால்தான் சேவல் சந்தேகம். ஐந்தாம் மாதம் சிவந்தால், முதுகில் கை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள், முட்டைக்கு நெருங்கிய கோழி இறக்கையை விரித்துப் படுத்துக் கொடுக்கும். ஆசனவாய்க்குக் கீழே இரண்டு கூர் எலும்பு தட்டுப்படும், அவற்றுக்கு இடையில் இரண்டு விரல் நுழைந்தால் முட்டை வரப்போகிறது.

சந்தையில் வாங்கும்போது, பெட்டைக் குஞ்சு என்று சொல்லி ஒரு மாதக் குஞ்சுக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள், விற்பவருக்கும் அது தெரியாது. முட்டைக்காக வாங்குவதானால் மூன்று மாதம் தாண்டியதைக் கேளுங்கள், முதுகு இறகைத் தள்ளிப் பார்த்து வாங்குங்கள். குலசாமிக்குச் சேவல் நேர்ந்துவிட நினைப்பவர்களும் அதுவரை பொறுத்து எந்தக் குஞ்சு என்று முடிவு செய்யலாம். வீட்டில் எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், மிஞ்சிய சேவல்களை நான்கு மாதத்துக்குள் பிரித்துத் தனியாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்டைகளின் முதுகு இறகெல்லாம் மிதிபட்டு உதிர்ந்து, தோல் கிழிய ஆரம்பித்துவிடும்.